மோதல் என்று சொன்ன குரல்

அந்த ஊரில் அவளை முகம் பார்த்து அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காதால் அறியாதவர்கள் யாருமே கிடையாது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் "வெண்கலக் குரல்மா உனக்கு" என்று பாராட்டப் போக, கூடப் படித்த பிள்ளைகள் குரலைக் கழற்றி எறிந்துவிட்டு வெண்கலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் வெண்கலம்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

ரயில் தாமதமானால் ஓட்டுகிறவரை யாரும் திட்டுவதில்லை. வெண்கலத்தைத்தான் திட்டுவார்கள். காய்கறிக் கடையில் நின்றால், "என்னக்கா, நேத்து உங்க வண்டி இப்படி லேட்டு?" என்பார்கள், ரயிலை அவள் இடுப்பில் கட்டி இழுத்து வருகிற மாதிரி. "நான் கூப்பிட்டுத்தான் பாக்கறேன், அது வந்தாத்தானே!" என்று சொல்லிவிட்டு அவள் கத்திரிக்காயைப் புரட்டிப் பார்ப்பாள். குரலால் சோறு சாப்பிடுகிறவளுக்கு வீட்டில் பேச்சு குறைவு. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், தொண்டைக்கு எப்போதும் வெந்நீர்க் குடுவை.

இப்போதெல்லாம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அறிவிப்பையும் சொல்வதில்லை. முன்பே பதிந்து வைத்த துண்டுகளை இயந்திரம் கோத்துச் சொல்கிறது. வண்டி எண் தனி, ஊர்ப் பெயர் தனி, 'தாமதமாக' தனி, 'வந்து சேரும்' தனி. அந்தத் துண்டுகளைப் பதிவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்: வாக்கியத்தின் முதலில் வருகிற மாதிரி ஒன்று, நடுவில் வருகிற மாதிரி ஒன்று, முடிவில் வருகிற மாதிரி ஒன்று. இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டது காதுக்குத் தெரிந்துவிடும். அவள் பதிந்து கொடுத்தால் ஒட்டு தெரியாது. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? அந்தக் கர்வம்தான் கடைசியில் அவள் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டது.

அவளுடைய அப்பா, அம்மா இருவரும் ஊர்க் கோடியில் இருந்த நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். பள்ளி விட்டால் அண்ணனும் அவளும் நேரே ஆலையின் சாப்பாட்டுக் கூடத்துச் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். சமையல்காரம்மா எதையாவது தட்டில் போடுவாள். ஒரு நாள், கூலி உயர்வு பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகம் ஆட்களை அந்தக் கூடத்துக்கு அழைத்தது. வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள், பேச்சுவார்த்தை என்றதும் நம்பி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கதவுகளை வெளியே பூட்டினார்கள். அப்புறம் ஆலைக் காவலர்கள் ஜன்னல் வழியாகச் சுட்டார்கள்.

பிள்ளைகள் இருவரும் சமையலறையில் பாத்திரம் கழுவும் மேடைக்கு அடியில் கிடந்தார்கள். அண்ணன் தன் உள்ளங்கையால் அவள் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தான். எல்லாம் அடங்கிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அந்தக் கூடத்தை விட்டு நடந்து வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அப்பா, அம்மா எல்லாமே அண்ணன்தான். தான் படிப்பை விட்டு அவளைப் படிக்க வைத்தான். ரயில்வே வேலைக்கு மனுப் போட்டதும் அவன்தான். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், தலை நரைத்த பிறகும்.

நடந்ததற்குப் பெயர் வைக்க ஆளாளுக்குக் கிளம்பினார்கள். ஆலை முதலாளி அதைச் சம்பவம் என்றார். காவல்துறை மோதல் என்றது. பத்திரிகைகள் கலவரம் என்று எழுதின. துப்பாக்கி தவறுதலாக வெடித்த விபத்து என்று ஒரு புண்ணியவான் சொன்னான். ஒரு துப்பாக்கி எத்தனை தடவைதான் தவறுதலாக வெடிக்கும் என்று கேட்க அன்றைக்கு ஊரில் யாருக்கும் வாய் இல்லை. இவற்றில் சம்பவம் என்ற சொல்தான் என் அடிவயிற்றைப் பற்றியெரிய வைக்கும். சம்பவத்தில் செய்தவன் என்று ஒருவன் இருக்கவே மாட்டான்; மழை பெய்த மாதிரி அதுவாக நடந்திருக்கும். இன்றைக்குப் பையன்கள் கூட்டாளியின் பிறந்தநாளில் முகத்தில் கேக்கைப் பூசிவிட்டு அதையும் சம்பவம் என்கிறார்கள். சொல்லுக்கு வந்த வாழ்வு அது.

பறிகொடுத்தவர்களிடம் எந்தச் சொல்லும் இல்லை. 'அன்னிக்கு' என்பார்கள், அவ்வளவுதான். அன்னிக்கு முன்னால, அன்னிக்கு அப்புறம். எந்த அன்னிக்கு என்று யாரும் கேட்டதில்லை.

சொல்லைக் கொண்டு வந்தவள் பாபின் அத்தை. ஆலையில் நூல் சுற்றும் பாபின்களோடு பாடுபட்டதால் வந்த பெயர். ரத்த உறவு இல்லை, ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அத்தை. அன்றைக்குக் கூடத்துக்குள் இருந்து, செத்துப்போன புருஷனின் உடம்புக்கு அடியில் கிடந்து பிழைத்தவள். பல வருஷம் கழித்து நினைவுநாள் கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர், "இந்தத் துயர நிகழ்வு" என்று ஆரம்பித்தார். அத்தை எழுந்து நின்றாள்.

"தம்பி, ஒரு நிமிசம். பெரிய மனுசன் ஒருத்தரக் கொன்னா பேப்பர்ல என்ன போடுறான்?"

"படுகொலைன்னு போடுவாங்கம்மா."

"ஒத்த ஆளுக்கே அந்தச் சொல்லு. எங்க ஆளுங்க கூட்டமா செத்தாங்க, எங்களுக்கு மட்டும் நிகழ்வா? என்ன, கல்யாணமா நடந்துச்சு இங்க?"

கூட்டம் சிரித்தது, பிறகு சிலர் அழுதார்கள். "எத்தனை பேருன்னு கணக்குப் பாத்து வைக்கிற பேரு இல்ல அது," என்று அத்தை விடாமல் சொன்னாள். "கையில ஒண்ணும் இல்லாதவன, ஓட வழியும் இல்லாம அடைச்சு வச்சுக் கொன்னா அது படுகொலை. எங்கள அடைச்சாங்க." அன்று முதல் அந்தத் தெருவில் அன்னிக்கு என்பது போய்ப் படுகொலை வந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சொல்லைச் சுத்தமாகச் சொன்னார்கள். புருஷன் செத்ததை ஊர் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று அத்தை சொல்லுவாள்.

ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. முதலாளியின் பேரன் அந்த இடத்தில் கடைகள் கட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதை நிறுத்தி, சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் நினைவகமாக ஆக்க வேண்டும் என்று அலையாய் அலைந்தவன் அண்ணன்தான். அவன்தான் நினைவகக் குழுச் செயலாளர். பேரனும் சம்மதித்தார், கூடத்தைப் புதுப்பித்தும் கொடுத்தார். வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு, நடந்தபடியே கேட்கிற மாதிரி ஒரு பதிவு வேண்டும் என்று முடிவாயிற்று. குரல் யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

வெண்கலம் முதலில் அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை தான் உயிர் பிழைத்த கதையை அதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. புருஷன் உடம்பின் கனம், அது மெல்லச் சில்லிட்டுப் போனது, தாகம், எல்லாவற்றையும் அன்றைக்கு இவளிடம் சொன்னாள். சொல்லி முடித்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வாயால சொல்லு கண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்தச் சொல்ல மட்டும் முழுங்காம சொல்லிடு."

"ஊரே கேக்கற மாதிரி சொல்றேன் அத்தை."

வாக்குக் கொடுத்தது அப்படித்தான்.

பதிவு நடந்த அறை, சுவரெல்லாம் மெத்தை ஒட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர், அவர் பக்கத்தில் அண்ணன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் குரலில் வராமல் படிக்க அவளுக்குத் தெரியும். "இந்தக் கூடத்தில் நடந்த படுகொலையில், கணவரின் உடலுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பினார் ஒரு பெண்" என்று படித்தபோது ஒலிப்பதிவுக்காரரே தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அண்ணன் மைக்கில் வந்தான்.

"பாப்பா, ஒரு மூலையில அந்தக் காலத்துல யார் யார் இத என்னென்ன பேர்ல சொன்னாங்கன்னு வைக்கப் போறோம். அந்தச் சொல்லெல்லாம் தனித்தனியா வேணும். சம்பவம், கலவரம், மோதல், விபத்து."

நல்ல யோசனை என்று அவளுக்குப் பட்டது. அத்தனை பொய்யும் ஒரே மூலையில் வரிசையாக நிற்கட்டுமே! சொன்னாள். ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவள் வாய் பழகியது வேறு வேலை. மோதல், மோதலில், மோதலின், மோதலுக்கு என்று வேற்றுமை உருபு விடாமல், ஒவ்வொன்றையும் முதலில் வருகிற மாதிரி, நடுவில் வருகிற மாதிரி, முடிவில் வருகிற மாதிரி என்று கேட்காமலே மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தாள். "எப்படி வேணாலும் வச்சுக்குங்க, ஒட்டு தெரியாது," என்று ஒலிப்பதிவுக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு குரலை நினைவகத்துக்குக் கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அண்ணன் நீட்டிய தாளை அவள் என்றைக்குப் படித்திருக்கிறாள்?

திறப்பு நாளில் அத்தைதான் முதலில் கேட்க வேண்டும் என்று வெண்கலம் சொல்லிவிட்டாள். தானும் அதுவரை கேட்கவில்லை. "எல்லாரோடயும் சேந்து கேளேன்," என்று அண்ணன் தள்ளிப் போட்டிருந்தான். அத்தைக்கு நல்ல புடவை. காதில் அந்தக் கருவியை மாட்டிவிட்டு, வெண்கலம் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். இருவரும் கைகோத்து நடந்தார்கள். சுவரில் செத்தவர்கள் பெயரெல்லாம் அழகாகப் பொறித்திருந்தார்கள். அத்தை புருஷன் பெயரைத் தடவிப் பார்த்தாள். அப்போது காதுக்குள் வெண்கலத்தின் குரல் சொன்னது:

"இந்தக் கூடத்தில் நடந்த மோதலில், கணவரின் உடலுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பினார் ஒரு பெண்."

வெண்கலம் நின்றுவிட்டாள். தன் காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். பொத்தானை அழுத்தித் திரும்பக் கேட்டாள். ஒட்டு தெரியவே இல்லை. அவள் மூச்சு, அவள் இறக்கம், அவள் நிறுத்தம். அவ்வளவு பிசிறில்லாத வேலை.

அத்தை கருவியைக் கழற்றினாள். வெண்கலத்தின் கையையும் விட்டாள்.

"நீயாடி சொன்ன?"

"அத்தை, நான் இப்படிச் சொல்லல, இவங்க வெட்டி ஒட்டி..."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? அந்தச் சொல்லு உன் வாயில வந்துச்சா, இல்லையா?"

வந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வாள்? "வந்துச்சு அத்தை, ஆனா வேற எடத்துக்குச் சொன்னேன்," என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. அத்தை சத்தம் போடவில்லை. "உன்ன நம்பித்தானடி வாயத் திறந்தேன்," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள்.

வெண்கலம் கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள். என்ன கத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. விருந்தாளிகள் காதில் கருவியோடு அவளைப் பார்த்தார்கள். அவர்களுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்ததும் அவள் குரல்தான். அண்ணன் ஓடி வந்து அவளைத் தன் அலுவல் அறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினான். சட்டையில் நிர்வாகி என்று அட்டை குத்தியிருந்தது. மேஜை, சுழல் நாற்காலி எல்லாம் புதுசு.

"கட்டடத்த இடிக்கப் போனாங்க பாப்பா. அந்த ஒரு சொல்ல எடுத்துட்டா கூடத்த விட்டுத் தர்றேன்னு முதலாளி பேரன் சொன்னாரு. சுவத்துல பாத்தியா, ஒரு பேரு விடல. அப்பா பேரு இருக்கு, அம்மா பேரு இருக்கு. போனது ஒத்தச் சொல்லு."

"எங்கிட்ட கேட்டியாண்ணா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவ."

"அது தெரிஞ்சுதான செஞ்ச? மோதல்னா ரெண்டு பக்கம் வேணும். அப்பா கையில என்ன இருந்துச்சு சொல்லு. கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது? நீ என்ன வெளியூரா?"

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அன்னிக்கு உன் வாயப் பொத்தினதாலதான் நீ இன்னைக்கு நிக்கற. இதையும் அப்படி நெனச்சுக்க. எதையாவது காப்பாத்தணும்னா கொஞ்சம் வாயப் பொத்தித்தான் ஆகணும்."

அவன் அதை உண்மையாகவே நம்பினான். அதுதான் கொடுமை. கெட்டவன் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடிந்தால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். தன் படிப்பை அவளுக்குக் கொடுத்தவன் அவன். ஆனால் அந்த நாற்காலியும் சட்டையில் இருந்த அட்டையும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.

"சரி. வேற யாரையாவது கூப்பிட்டு மோதல்னு படிக்க வச்சிருக்கலாமே. ஊர்ல குரலுக்கா பஞ்சம்? எதுக்குண்ணா என் குரலு?"

அண்ணன் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினான். அவள் விடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உன் குரல்ல வந்தாத்தான் ஊரு நம்பும்னு அவங்க சொன்னாங்க," என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கழுத்தறுப்பது என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரையும் கவிழ்க்க அவள் இவ்வளவு காலம் இந்தக் குரலை வளர்த்து வைக்கவில்லை. அந்தக் குரலை ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை எடுத்து, கொன்றவன் வீட்டுக்கு அண்ணன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி.

மாடி அறையை அன்றைக்கே காலி செய்தாள். அண்ணி வாசலில் நின்று அழுதாள், ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. வக்கீல் ஒருவரிடம் போனதில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குரல் இனி நினைவகத்தின் சொத்து, ஒன்றும் செய்ய முடியாது என்றார். அத்தை வீட்டுக்கு மூன்று தரம் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும், அவள் கூப்பிட்டதும் அது நின்றுவிடும். இவள் படி இறங்கினால் மறுபடி தொடங்கும்.

கடைசியில் அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஓய்வு நாட்களில் நினைவகத்தின் வெளிக் கதவுக்கு எதிரே போய் நின்றாள். பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம், "உள்ள சொன்னது தப்பு. இங்க நடந்தது மோதல் இல்ல, படுகொலை," என்று சொன்னாள். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான், வெளியே வர மாட்டான். கத்திய நாளிலிருந்து அவள் தொண்டை சரியாகவில்லை. மருத்துவர் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார். ரயில் நிலையத்தில் பதிந்து வைத்த குரல் எப்போதும்போல் வண்டிகளை அழைத்துக்கொண்டிருந்தது. அவளிடம் மிஞ்சியது கரகரத்த ஒரு குரல். பலர் அவளைத் தாண்டிப் போனார்கள். சிலர் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

ஒருநாள் வெளியூர்க்காரி ஒருத்தி நின்று கேட்டாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் போல இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன, உள்ளே அழுதிருக்கிறாள். வெண்கலம் பூட்டிய கதவைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர்களைச் சொன்னாள். அதற்குப் பெயர் படுகொலைதான் என்று சொல்லி முடித்தாள். அந்தப் பெண் பொறுமையாக முழுவதையும் கேட்டாள்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா உள்ள ஒரு அம்மா பேசறாங்க பாருங்க, எவ்வளவு நல்லா பேசறாங்க! அவங்க சின்னப் பிள்ளையா இங்கயே இருந்தவங்களாம். அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இங்கதான் பறிகொடுத்தாங்களாம். அவங்களே மோதல்னுதான சொல்றாங்க?"

"அந்த அம்மா நான்தான்," என்றாள் வெண்கலம்.

தொண்டையிலிருந்து காற்றுதான் அதிகம் வந்தது. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"சரிம்மா. வெயில்ல நிக்காதீங்க, உடம்பப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.